பகலில் மூச்சு விட்ட இயந்திரம்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, வழக்கம்போல, காட்டு மரங்களை ஏற்றிச் செல்லும் அந்த மரலாரி கோர்ப்பிவாரா பள்ளிக்கூடத்தைக் கடந்து போனது. சமையலறை ஜன்னலுக்கு நேராக வந்ததும் முன்விளக்குகள் இரண்டு முறை சிமிட்டின. மெர்யா கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

இருபத்தாறு வருடமாக இப்படித்தான். லாரிக்குள் இருக்கும் அவள் கணவர் எஸ்கோவின் முகம் அங்கிருந்து தெரியாது, விளக்குதான் தெரியும். அன்பு, கல்யாண நாள் வாழ்த்து, முந்தின நாள் சண்டைக்கு மன்னிப்பு, இத்தனைக்கும் சேர்த்து எங்கள் ஊர் ஆண்களிடம் இருப்பது இந்த இரண்டு சிமிட்டல்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் எஸ்கோ காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி, "எட்டு மணி நேரம் தூங்கினேன். ஆனா தூங்கின மாதிரியே இல்ல" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசியதே மெர்யாவுக்குப் பயமாக இருந்தது. மருத்துவமனையில் ஓர் இரவு ஒயர்களை மாட்டிப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை அவருக்கு மூச்சு நின்றது. அப்போது வந்ததுதான் கட்டிலோரம் இருக்கும் அந்த மூச்சு இயந்திரம். மூக்கில் முகமூடி, அதிலிருந்து குழாய், குழாயின் மறுமுனையில் காற்றை ஊதும் பெட்டி, காற்று வறண்டு போகாமலிருக்க ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி.

அன்று மெர்யா ஒரு சத்தியம் வாங்கினாள். "அறுபது டன் மரத்தோட ரோட்டுல போற. ஒரு தடவ, ஒரே தடவ கண் அசந்தாலும் லாரிச் சாவியை என் கையில குடுத்துடணும்." எஸ்கோ தலையாட்டினார்.

தலையாட்டியவர் இயந்திரத்தைக் கழுவத்தான் மறந்தார். தொட்டியில் வாரக்கணக்கில் பழைய தண்ணீர் கிடந்தது. இந்த ஜனவரியில் நெஞ்சுச் சளி முற்றிப் பத்து நாள் படுக்கையில் கிடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்போது மெர்யா பழைய முகமூடியைக் குப்பையில் எறிந்தாள். புதியதை வரவழைத்தாள். "இனி இதுல நீ கை வைக்காத. கழுவறது என் வேலை" என்று அறிவித்தாள்.

சொன்னபடி செய்தாள். தினமும் காலை வாசனையில்லாத சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் முகமூடியைக் கழுவினாள். தொட்டியைக் கழுவித் துண்டின்மேல் கவிழ்த்தாள். சனிக்கிழமை குழாய், நாடாக்கள், காற்று வடிகட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவள் அவள். சுத்தம் என்று வந்துவிட்டால் அவளிடம் யாரும் வாய் திறக்க முடியாது.

திங்கட்கிழமை எஸ்கோவுக்கு மருத்துவப் பரிசோதனை. இயந்திரத்தின் பதிவுகளைப் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் லாரி லைசென்ஸ் நிலைக்கும்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு, பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தூக்கச் சிகிச்சைப் பிரிவின் நர்ஸ் கைசு. இயந்திரம் பற்றிய விவரங்களை மனைவியிடமே பேசலாம் என்று எஸ்கோ ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"மெர்யா, திங்கக்கிழமைக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அந்த மெஷினை உங்க வீட்ல ரெண்டு பேர் பயன்படுத்துறீங்களா?"

"ரெண்டு பேரா? எனக்கெதுக்கு அது? நான் கட்டை மாதிரி தூங்குவேன்."

"மெஷின் தினமும் எங்களுக்குப் பதிவு அனுப்புது. மூணு வாரமா ராத்திரியில மட்டும் இல்ல, பகல்லயும் ஓடுது. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், காலைல ஏழு மணிலேர்ந்து பதினொண்ணு வரைக்கும். இன்னைக்கும் ஓடியிருக்கு."

மெர்யா தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"அதெப்படி? ஏழேகாலுக்கு எஸ்கோ லாரியில போறதை நான் பாத்தேன். இன்னைக்கும் பாத்தேன். எனக்கு விளக்கு போட்டுட்டுப் போனான்."

"அதான் எனக்கும் புரியல. இன்னொண்ணும் இருக்கு. ராத்திரிப் பதிவுல காத்து ஏகமா கசியுது. மணிக்கு முப்பது தடவ மூச்சு நிக்குது. மெஷினே இல்லாத மாதிரிதான். பகல்ல பாத்தா கசிவே இல்ல, மணிக்கு ரெண்டு தடவதான். ராத்திரி ஒரு ஆள், பகல்ல வேற ஆள்னுதான் தோணுது."

மெர்யா உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"கழுவறதெல்லாம் ஒழுங்காத்தானே நடக்குது?" என்றாள் கைசு.

"உன் ஆஸ்பத்திரியை விட ஒழுங்கா நடக்குது."

"எங்க காய வைக்கறீங்க?"

"கையேட்டுல சொன்ன மாதிரிதான். வெயில் படாம, காத்தோட்டமா. சனிக்கிழமை ஆவியில குளிச்சு முடிச்சதும் சவுனா அறையில மேல் பலகையில பரப்பி வைப்பேன்."

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கைசு, இருக்கியா?"

"இருக்கேன். மெர்யா, நானும் குடையிலேர்ந்து குழந்தையோட பூட்ஸ் வரைக்கும் சவுனாவிலதான் காய வைக்கிறேன். இந்த நாட்டுல எல்லாரும் அப்படித்தான். ஆனா குளிச்சு முடிச்ச கையோட மேல் பலகையில எண்பது டிகிரி இருக்கும். அந்த முகமூடி அதைத் தாங்காது. சட்டம் வளைஞ்சிருக்கும், நாடாவோட இழுவை போயிருக்கும். இன்னைக்கே எடுத்துப் பாருங்க."

மெர்யா போனை வைத்துவிட்டு அப்படியே இருந்தாள். முகமூடி விஷயம் அப்போது அவள் மண்டையில் ஏறவில்லை. அவள் கட்டிலில், அவள் தலையணைக்குப் பக்கத்தில், மூன்று வாரமாக யாரோ ஓர் ஆள் தினமும் நாலு மணி நேரம் படுத்து எழுந்து போகிறான். ஏறியது அதுதான்.

மகளுக்குப் போன் போட்டாள். வேரா நகரத்தில் பல் மருத்துவ உதவியாளர் படிப்பில் கடைசி வருடம். வெள்ளிக்கிழமை ஆறு மணி பஸ்ஸில் வீட்டுக்கு வருவாள்.

"வேரா, வகுப்புல இருக்கியா?"

"ஆமாம்மா. சொல்லுங்க." பின்னால் ஏதோ தாழ்ந்த குரலில் உறுமிக்கொண்டிருந்தது.

"என்னடி சத்தம்?"

"பல்லைக் குடையற மெஷின். நிறைய பேர் பழகறாங்க."

மெர்யா விஷயத்தைச் சொன்னாள். மகள் சிரித்தாள்.

"வீடு புகுந்து, மூக்குல குழாயை மாட்டிக்கிட்டு, சமத்தா தூங்கிட்டுப் போற திருடனாம்மா? எதையாவது எடுத்துட்டுப் போனானா?"

"விளையாடாத. எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது."

"மெஷின் தப்பாப் பதிஞ்சிருக்கும்." பேச்சின் நடுவே நீண்ட கொட்டாவி வந்தது. "அப்பாகிட்ட இப்ப எதுவும் கேக்காதீங்க. சாயங்காலம் நான் வந்ததும் பாத்துக்கலாம். சரியாம்மா? நான் வர்ற வரைக்கும் எதுவும் கேக்காதீங்க."

ஒன்றை இரண்டு முறை சொல்கிற பழக்கம் வேராவுக்குக் கிடையாது. மெர்யா அன்று அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

தலைமைச் சமையல்காரியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஒரு மணிக்கே கிளம்பினாள். வீட்டு வாசலில் பூட்டு உடையவில்லை. ஜன்னல்கள் சாத்தியபடி இருந்தன. முற்றத்துப் பனியில் அடித்தடங்கள் இருந்தன, ஆனால் அவையெல்லாம் எஸ்கோவின் பூட்ஸ் அளவு.

படுக்கையறையில் போர்வை சீராக விரித்திருந்தது. விரித்தது அவள் இல்லை. அவள் ஓரத்தை உள்ளே மடிப்பாள். இது வெளியே தொங்கியது.

தண்ணீர்த் தொட்டி அவள் வைத்துவிட்டுப் போனபடியே துண்டின்மேல் கவிழ்ந்திருந்தது. எடுத்து உள்ளே விரலை விட்டாள். ஈரம். காலை ஆறரைக்குக் கவிழ்த்த தொட்டி ஒன்றரை மணிக்கு ஈரமாக இருக்காது. கணப்பு ஓடுகிற வீட்டில் நாலைந்து மணி நேரத்தில் உலர்ந்துவிடும்.

கொக்கியில் தொங்கிய முகமூடியைத் தொட்டாள். சருகாக உலர்ந்திருந்தது. அப்படியானால் பகலில் படுப்பவன் இதை மாட்டவில்லை. அவனுக்கென்று வேறொன்று இருக்கிறது.

வடிகட்டியைக் கழற்றினாள். ஒரு மாதம் ஓடினால்தான் சாம்பல் நிறம் ஏறும். போன மாதக் கடைசியில் போட்டது, அதற்குள் அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வீட்டைத் தேடவில்லை, கலைத்தாள். அலமாரி, கட்டிலுக்கடி, விறகுக் கூடை எல்லாவற்றையும் பார்த்தாள். எஸ்கோவின் கம்பளிக் காலுறைகள் வைத்த இழுப்பறையில் ஒரு காலுறை மட்டும் தடித்திருந்தது. உதறினாள். நீல நாடா போட்ட முகமூடி விழுந்தது.

ஜனவரியில் அவள் கையாலேயே குப்பையில் எறிந்த பழைய முகமூடி. சுத்தமாகக் கழுவியிருந்தது. மடிப்பில்கூட ஓர் அழுக்கில்லை. அவள் கழுவுவதைப் பார்த்து யாரோ அப்படியே கழுவக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டே காலுக்கு வாசற்கதவு திறந்தது.

"யாரது?" என்றாள் மெர்யா. கையில் அடுப்பு கிளறும் இரும்புக் கம்பி இருந்தது.

எஸ்கோ நின்றார். தலையில் காது மூடிய தொப்பி, முதுகில் பனிக்கட்டியில் துளையிடும் துரப்பணம், கையில் வாளி. வாளியில் ஏழெட்டு ஏரி மீன்கள் வாலை அடித்துக்கொண்டிருந்தன.

மூன்று வாரமாக வீட்டில் மீன்தான். கூட்டாளி ஒருவன் பிடித்துத் தருகிறான் என்று சொல்லியிருந்தார். குளிர்பெட்டி நிறைந்து அவள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது.

"நீ மூணரைக்குத்தானே வருவ?" என்றார் எஸ்கோ.

"நீ நாலரைக்குத்தானே வருவ?"

எஸ்கோ வாளியைக் கீழே வைத்தார். அவள் கையிலிருந்த நீல நாடாவைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். எங்கள் ஊரில் வீடே தீப்பற்றினாலும் முதலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் அணைக்கப் போவோம்.

சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"எஸ்கோ, என் கட்டில்ல பகல்ல படுக்கறது யாரு?"

"நான்தான்."

"பொய் சொல்லாத. இன்னைக்கு ஏழேகாலுக்கு..."

"நான்தான்னு சொல்றேன்ல. நீ ஆறரைக்குக் கிளம்புவ. ஏரிக்கரையில கார்ல உக்காந்திருப்பேன். நீ போனதும் வந்து படுப்பேன். பதினொண்ணுக்கு எழுந்து மீன் பிடிக்கப் போவேன்."

"வேலைக்கு?"

எஸ்கோ தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதன் காதுகளை நீவிவிட்டார்.

"மூணு வாரத்துக்கு முந்தி, ஒரு செவ்வாக்கிழமை. மேட்டு வளைவு இருக்குல்ல, மின்கம்பி போற இடம். நல்ல வெளிச்சம். கண்ணைத் திறந்து பாத்தா வலது பக்கச் சக்கரம் பூரா பள்ளத்து ஓரப் பனியில ஓடுது. எவ்வளவு தூரம் அப்படிப் போனேன்னு தெரியாது. எதிர்ல வந்த காரு ஒதுங்கி நின்னு ஹாரன் அடிச்சுது. அந்தச் சத்தத்துலதான் முழிச்சேன். உள்ள ரெண்டு சின்னப் புள்ளைங்க."

மெர்யா இரும்புக் கம்பியை மேசைமேல் வைத்தாள்.

"இறங்கி நின்னேன். அதுக்கப்புறம் நான் ஸ்டியரிங்கைத் தொடல."

"மெஷின் மாட்டிக்கிட்டுத்தானே தூங்கின? நான் தினமும்..."

எஸ்கோ எழுந்து போய்ப் புதிய முகமூடியை எடுத்து வந்தார். மேசையில் தட்டையாக வைத்தார். அது தட்டையாக உட்காரவில்லை, ஒரு மூலை தூக்கி நின்றது. நாடாவை இழுத்துக் காட்டினார். இழுத்த நாடா திரும்பச் சுருங்கவில்லை.

"ராத்திரி பூரா காத்து கண்ணுக்குள்ள அடிக்கும். எனக்கும் முதல்ல புரியல. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் பழசைத் தேடி எடுத்து மாட்டிப் பாத்தேன். மூணு வாரமா விட்ட தூக்கமெல்லாம் அன்னைக்குத்தான் தூங்கினேன்."

"பழசை நான் எறிஞ்சேனே."

"குப்பையைக் கொண்டு போய்ப் போடறது நான்தானே. ஒரு பொருளை எறியறதுக்கு முந்தி ரெண்டாவது தடவ பாக்கறது என் பழக்கம்."

மெர்யா வளைந்த சட்டத்தை விரலால் தடவினாள். ஆறு சனிக்கிழமைகள். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதை மேல் பலகையில் பரப்பும்போது எத்தனை பெருமையாக இருந்தாள். அவர் மூச்சைத் தன் கையாலேயே கெடுத்திருக்கிறாள். பள்ளத்து ஓரத்தில் ஓடிய சக்கரத்தை, ஒதுங்கி நின்ற காரை, அதிலிருந்த இரண்டு பிள்ளைகளை நினைத்தபோது அதைத் தள்ளி வைத்தாள். அந்தப் பிள்ளைகள் அவள் கஞ்சி ஊற்றும் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

"அன்னைக்கே ஏன் சொல்லல? ஒரு வார்த்த. 'மெர்யா, முகமூடி வளைஞ்சிருக்கு.' அவ்வளவுதானே?"

"மூணு வருஷம் கழுவாம கிடந்து நோவு வாங்கினவன் நான். நீ கழுவித் தந்ததுல எப்படிக் குறை சொல்றது?" எஸ்கோ தளர்ந்த நாடாவைச் சுருட்டி வைத்தார். "அதைச் சொன்னா பள்ளத்தையும் சொல்லணும். பள்ளத்தைச் சொன்னா சாவியைக் குடுக்கணும். சத்தியம் பண்ணியிருக்கேனே."

"அதனால ராத்திரி கெட்டுப் போனதை மாட்டிக்கிட்டு எனக்காகப் படுத்த. பகல்ல திருட்டுத்தனமா நல்லதை மாட்டிக்கிட்டுத் தூங்கின."

"ஆமா."

"அடப்பாவி மனுஷா."

அவளுக்கு அழுகை வந்தது, கூடவே அவரை அந்த வாளியால் அடிக்கவும் தோன்றியது. சொல்லாமல் இருப்பதை எங்கள் ஊர் ஆண்கள் பொய்யில் சேர்ப்பதில்லை. பெண்கள் சேர்க்கிறோம்.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவோம். சவுனாவையும் சொல்லுவேன், நீ கண் அசந்ததையும் நீ சொல்லணும். லைசென்ஸ் போனா போகட்டும்." மெர்யா கையை நீட்டினாள். "இப்ப சாவியைக் குடு."

எஸ்கோ அந்தக் கையைப் பார்த்தார். சட்டைப் பைக்குப் போகவில்லை.

"சாவி என்கிட்ட இல்ல."

"எங்க இருக்கு?"

எஸ்கோ மேசைமேல் இருந்த தொப்பியைத் திருப்பி வைத்தார். மெர்யாவின் நீட்டிய கை மெல்ல இறங்கியது. காலையிலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்த கணக்கு இப்போதுதான் வேறு பக்கமாகத் திரும்பியது.

"ஏழேகாலுக்கு நீ என் கட்டில்ல தூங்கிட்டு இருந்த."

"ம்."

"அப்ப எனக்கு விளக்கு போட்டது யாரு?"

எஸ்கோ ஜன்னல் பக்கம் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி. மலைப்பக்கமிருந்து கனமான என்ஜின் சத்தம் வந்தது, அலமாரியில் கோப்பைகள் மெல்ல அதிர்ந்தன. மரலாரி வளைவில் தெரிந்தது. வீட்டுக்கு நேராக வரும்போது, முற்றத்தில் எஸ்கோவின் கார் நிற்பதைக் கண்டதுபோல முன்விளக்குகள் இரண்டு முறை சிமிட்டின.

எஸ்கோ அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

மெர்யா எழுந்து ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை, கம்பளிக் காலுறையோடு முற்றத்துப் பனியில் இறங்கி, சாலை நடுவே போய் நின்று கையைத் தூக்கினாள். லாரி நீண்ட பெருமூச்சுவிட்டு, அவளுக்கு முப்பது அடி முன்னால் நின்றது.

அவளே நடந்து போய்க் கதவுக்குக் கீழே நின்றாள். கண்ணாடி இறங்கியது. எஸ்கோவின் பழைய வேலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து எட்டிப் பார்த்தாள் வேரா.

அவள் ஆறு மணி பஸ்ஸில் வர வேண்டியவள். பல்லைக் குடைந்துகொண்டிருக்க வேண்டியவள். படிப்பில் சேருவதற்கு முன்பு விருப்பப்பட்டு ராணுவ சேவைக்குப் போய்க் கனரக வாகன லைசென்ஸோடு திரும்பியபோது, "அதை அலமாரியில வை, இந்த வீட்ல ஒரு ஆள் ரோட்டுல இருக்கறது போதும்" என்று மெர்யா சொல்லியிருந்தாள். வேராவும் சரி என்றிருந்தாள்.

"யாரும்மா சொன்னாங்க?" என்றாள் வேரா.

"எத்தன நாளா?"

"மூணு வாரம். லாரி நின்னா அப்பாவோட ஒப்பந்தம் போயிடும். அவரு கேக்கல, நான்தான் சாவியைப் பிடுங்கினேன். நம்ம ஏரிக்கரைக் குடில்ல தங்கிக்கறேன். படிப்பை வசந்தத்துக்கு அப்புறம் முடிச்சுக்கலாம்னு..."

"எனக்கு விளக்கு வேற போட்ட."

"போடலன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு அப்பா சொன்னாரு."

"கீழ இறங்கு."

வேரா என்ஜினை நிறுத்தினாள். திடீரென்று வந்த அமைதியில் பனிமேல் யாரோ நடந்து வருவது கேட்டது. எஸ்கோ மெர்யாவின் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

வேரா படிகளில் இறங்கினாள். கடைசிப் படியில் நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நீளமாகக் கொட்டாவி விட்டாள். முகம் வெளுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். இருபத்து மூன்று வயசுப் பெண்ணின் முகமாக அது இல்லை.

மெர்யா திட்ட வந்ததை விட்டுவிட்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரி தூங்கினியா இல்லியா?"

"ஒன்பது மணிக்கே படுத்துட்டேன்மா. எட்டு மணி நேரம் தூங்கினேன்." வேரா கண்ணைக் கசக்கினாள். "ஆனா தூங்கின மாதிரியே இல்ல."

எஸ்கோவின் கையிலிருந்த பூட்ஸ் பனியில் விழுந்தது. மெர்யா அவரைப் பார்த்தாள், பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வேரா அன்று காலையிலிருந்து ஓட்டி வந்த அறுபது டன் மரத்தைப் பார்த்தாள்.

"சாவியைக் குடு" என்றாள், மூன்று வருடம் முன்பு எஸ்கோவிடம் பேசிய அதே குரலில்.